களம் எத்தின பேர்

அன்று காலை களத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாய்ந்தமருதுப் பெரியவர். மில் கட்டிய நாள் முதல் அங்கே நின்றவர். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.

மாவடிப்பள்ளியிலிருந்து ஒரே சைக்கிளில் வரும் உடன்பிறப்புகள் இருவர். மூத்தவன் மிதிப்பான். இளையவன் பின்னால் இருப்பான்.

மருதமுனையான். எங்கள் பகிடிக்காரன்.

என் பக்கத்து வளவுக்காரன். நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம்.

பாண்டிருப்பு அண்ணன். எங்களில் அவர் ஒருவர்தான் தமிழர். மற்ற எல்லோரும் முஸ்லிம்கள்.

பிறகு நான்.

ஏழு பேர்.

மில் கொழும்பில் உள்ள ஒரு கம்பனிக்குச் சொந்தம். உள்ளே நெல்லை ஊறவைத்து, அவித்து, ஆவி பறக்க வெளியே கொட்டுவார்கள். அதைச் சீமெந்துக் களத்தில் பரத்தி, கிளறி, காயவைத்து, மூடையாக்கித் திரும்ப உள்ளே அனுப்புவது எங்கள் வேலை. பெரிய படிப்புத் தேவையில்லை. நான் மூன்றாம் வகுப்பு. வெயிலைத் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் குறைந்தால் நெல் பூத்துப்போகும். கூடினால் மெசினில் நொறுங்கிக் குறுணலாக வரும். அதனால் களத்தில் நெல் கிடக்கிற நேரம் காலை எடுக்க முடியாது. காலால்தான் கிளறுவோம். பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் நெல் வரம்பு வரம்பாகப் பிரியும். திரும்ப வரும்போது வரம்பை உடைப்போம். காலை தொடங்கி பின்னேரம் வரைக்கும் அந்த நடைதான்.

காலை ஏழு மணிக்குக் கந்தோர் யன்னல் திறக்கும். கிளாக்கர் தலையை வெளியே போடமாட்டார். குரல் மட்டும் வரும்.

"பொயிலர் எத்தின பேர்?"

பொயிலரில் இருந்து ஒருவன் எண்ணைச் சொல்வான்.

"மெசின் எத்தின பேர்?"

அங்கிருந்து ஒருவன்.

"களம் எத்தின பேர்?"

"ஏழு!"

அது நான். என்னை யாரும் தலைவனாக்கவில்லை. எனக்குச் சத்தம் பெரிது. களம் தூரம். அவ்வளவுதான்.

ஏழு என்று சொன்னால் செக்ரோல் என்கிற வரவுப் புத்தகத்தில் ஏழு பேருக்கும் அடையாளம் விழும். வேறு கையெழுத்து இல்லை. இப்படித்தான் அந்த மில் நடந்தது.

நான் சொன்ன எண்ணும் நின்ற ஆட்களும் எல்லா நாளும் ஒன்றாக இருந்ததில்லை. ஒருவன் பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பான். ஒருவன் வீட்டில் கத்தம் ஓதுவார்கள். நான் ஏழு என்பேன். மற்றவர்கள் அவனுடைய வரிசையையும் சேர்த்து நடப்போம். பொய் சொல்கிறோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஏழு பேருடைய வேலை நடந்தது. அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை வேறு கதை. பன்னிரண்டு மணிக்கு நாங்கள் ஆறு பேரும் ஜும்ஆவுக்குப் போய்விடுவோம். வெயில் உச்சியில் நிற்கும். நெல் முழுக்கக் களத்தில் கிடக்கும். அந்த ஒன்றரை மணி நேரமும் பாண்டிருப்பு அண்ணன் தனியே நடப்பார். ஏழு பேர் நடக்கிற களத்தில் ஒருவர்.

அவர் என்னைவிட மூன்று வயது மூப்பு. என்றாலும், எங்கள் ஆட்கள் மூத்த சகோதரனைக் கூப்பிடுவது போல, என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"நான் ஒங்களுக்கு இளையவன் அண்ணன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தாடி வெச்சவனெல்லாம் எனக்குக் காக்காதான்" என்றார்.

நாங்கள் பள்ளிக்கு வெளிக்கிடும்போது ஒவ்வொரு வெள்ளியும் பின்னால் இருந்து அவருடைய குரல் வரும்.

"காக்கா, துஆ கேக்கக்குள்ள மழை வரப்படாது எண்டும் ஒரு சொல் கேளுங்க. நெல்லு மூடுற இவ்வளவு படங்கையும் நான் தனிய இழுக்க ஏலா."

மருதமுனையான் விடமாட்டான். "அண்ணனுக்கென்ன. கோயில்ல வருசத்துக்கு ஒருக்காத்தான் தீமிதிப்பு. இஞ்ச வெள்ளிக்கு வெள்ளி தீமிதிப்பு."

"கோயில்ல மிதிச்சா ஊரே பார்த்துக் கும்பிடும்டா. இஞ்ச மிதிச்சா திரும்பி வந்து நிக்கிற உன்ட மூஞ்சியத்தான் நான் பார்க்கணும்."

உண்மையிலேயே அவர் தீ மிதிப்பவர். மூத்த மகன் சின்னதில் சாகக் கிடந்து தப்பினான். அதற்கு நேர்ந்துகொண்டது. புரட்டாதியில் அவருடைய ஊர்க் கோயிலில் காப்புக் கட்டுவார். கடைசி மூன்று நாளும் ஊரைவிட்டு வெளியே வரக்கூடாது. சிறுபோக நெல் வந்து குவிகிற காலம் அது. அந்த மூன்று நாளும் ஆறு பேர் நிற்போம். நான் "ஏழு" என்று கத்துவேன். நாலாம் நாள் பாதத்தில் மஞ்சள் காயாமல் வருவார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். களத்தோரத்து வேம்பின் கீழே வைப்பார்.

"இது பூசைக்கு வெச்சதில்ல. கல்முனைக் கடையில வாங்கின. பயப்படாமத் தின்னுங்க."

ஒவ்வொரு வருசமும் இதே சொல்தான். நாங்களும் தின்போம்.

சூறாவளி அடித்த மாரியில் மில்லின் கூரை பறந்தது. பாதித் தகடு வயலில் கிடந்தது. அதைப் பொறுக்கி அடித்து மில்லை ஓட்டினோம். அடுத்த வருசம் அரசாங்கம் கொடுத்த கூப்பன் அரிசி நின்று, அதற்குப் பதில் உணவு முத்திரை வந்தது. மில் அதுவரை கூப்பன் அரிசிதான் குற்றியது. வேலை குறைந்தது. வெளிநாட்டு அரிசி வருகிறது என்றார்கள். நமக்கு அதெல்லாம் விளங்கவில்லை. லொறி வருவது குறைந்தது விளங்கியது.

பழைய மனேஜர் மாறிப் போனார். கம்பனி ஒரு புது மனேஜரை அனுப்பியது. கையில் எப்போதும் ஒரு கடுதாசி மட்டை வைத்திருப்பார். கோபப்படமாட்டார். அவர் வந்த இரண்டாம் மாதம் ஒருநாள் காலை எல்லோரையும் களத்துக்குக் கூப்பிட்டு ஒரு பட்டியலை வாசித்தார். நான் முதலில் சொன்ன அந்தக் காலை அதுதான்.

களத்தில் இரண்டு பேர் போனார்கள். மாவடிப்பள்ளி இளையவன். சாய்ந்தமருதுப் பெரியவர்.

பெரியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ட பேரா வாசிச்ச?" என்று கேட்டார். என்னைப் பார்த்தார். நான் நெல்லைப் பார்த்தேன். அவர் போய்த் தன் வரிசையில் நடக்கத் தொடங்கினார். பகல் வரைக்கும் நடந்தார். பிறகு கிளாக்கர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை யன்னல் திறந்தது.

"களம் எத்தின பேர்?"

"ஏழு!"

வாய்ப் பழக்கம். முதல்தடவையாகக் கிளாக்கர் தலையை வெளியே போட்டார்.

"என்ன ஏழு?"

"அஞ்சு" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டி வந்தது.

வேலை போனவர்களைப் பற்றித்தான் ஊர் கதைத்தது. நின்றவர்களுக்கு என்ன வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலைதான் இருக்கிறதே.

பத்து மணிக்கு வேம்பின் கீழே குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்போம். அது நின்றது. குந்தியிருக்கிறவனைக் கந்தோர் யன்னல் பார்க்கும். அவரவர் தன் வரிசையில் நின்றபடி குடித்தோம். வேலை ஏழு மணிக்குத் தொடக்கம். மருதமுனையான் ஒருநாள் ஆறரைக்கு வந்து நின்றான். அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் ஆறரை. மாவடிப்பள்ளி மூத்தவன் ஆறுக்கு வந்தான். அடுத்த நாள் எல்லோரும் ஆறு. ஆறு மணிக்குக் களம் பனியில் நனைந்து கிடக்கும். நெல் பரத்த ஏலாது. ஐந்து பேரும் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

மருதமுனையான் பகிடியை விட்டுவிட்டான். பக்கத்து வளவுக்காரன் காய்ச்சலோடு நாலு நாள் நடந்தான். படுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவன் படுத்தால் நாலு பேர் நிற்க நான் ஐந்து என்று கத்தவேண்டி வரும். அவனும் என்னிடம் கேட்கவில்லை. மாவடிப்பள்ளி மூத்தவன் அதே சைக்கிளில் வந்தான். பின்னால் ஆளில்லை. "பேர மாறி வாசிச்சிருப்பாங்க. திருப்பிக் கூப்பிடுவாங்க" என்று மூன்று மாதம் சொன்னான். பிறகு சொல்வதை விட்டான். தம்பி இவனோடு கதைப்பதில்லையாம். வீட்டில் தனித்தனி அடுப்பாம்.

கிளாக்கர் ஒரு தாளோடு வெளியே வந்தால் ஐந்து பேரும் குனிந்து வேகமாக நடப்போம். அது மில்லுக்குத் தண்ணீர்ப் பில்லாக இருக்கும்.

பாண்டிருப்பு அண்ணன் மட்டும் பழையபடி இருக்கப் பார்த்தார். எட்டு மணிக்கு ஒரு பாட்டை முணுமுணுப்பார். ஒருவரும் சேராவிட்டால் நிறுத்துவார். வெள்ளிக்கிழமை எங்களை அனுப்பும்போது சொல்வார்: "இப்ப நாலு பேர்தானே போறீங்க. அல்லாஹ்வுக்குக் கூட்டம் குறைஞ்சி போச்சே காக்கா." நாங்கள் சிரிக்கப் பயந்தோம்.

புரட்டாதிக்குச் சில கிழமை முந்தி மனேஜர் களத்துக்கு வந்தார். மட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"செக்ரோலில் பொய்க் கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழையது பழையதாக இருக்கட்டும். இனி ஆளில்லாமல் ஆள் இருக்கிறது என்று யார் சொன்னாலும் சொன்னவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார்."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. களத்தில் எண்ணைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான்.

இரண்டாம் பட்டியல் வருகிறது, களத்தில் இன்னும் ஒருவர் போவார் என்ற கதையும் அதே கிழமையில் வந்தது. யார் சொன்னது என்று தெரியாது.

எனக்கு மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வீடில்லாத பெண்ணை ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள். மூத்தவளுக்கு வளவின் கிழக்குப் பக்கம் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். யன்னல் மட்டத்தில் நின்றது. ஒவ்வொரு மாதமும் ஒரு வரிசைக் கல் வைப்பேன். பின்னேரம் வேலையால் வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பேன். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் அண்ணன் என்னிடம் வந்தார். மூடைக் கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"காக்கா, வழமை போலத்தானே?"

நான் ஒரு மூடையின் வாயை இழுத்துக் கட்டினேன்.

"லீவு கேட்டுப் பார்ப்பமா எண்டும் நினைச்சன். கேட்டா என்ட பேர்தான் முதல்ல மேல வரும். என்ன செய்யிற?"

"ஓம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பயமெண்டா இப்பவே சொல்லுங்க. நான் இந்த வருசம் கட்டாம உடுறன். அம்மாளுக்கிட்ட அடுத்த வருசம் சேர்த்து மிதிக்கிறன் எண்டு சொல்லுவன். அவ ஒண்டும் கோவிக்கமாட்டா. மனேஜரப் போல இல்ல அவ."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் பகிடியாக இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னால் அவர் கட்டியிருக்கமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்க போங்க அண்ணன். நான் பார்த்துக்கிறன்" என்றேன்.

அதைச் சொன்னபோது நான் உண்மையாகத்தான் சொன்னேன். இதை எழுதுவது அதைச் சொல்லத்தான். நான் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த மூன்று நாளில் முதல் நாள் காலை யன்னல் திறந்தது. கிளாக்கருக்குப் பின்னால் வெள்ளைச் சேட்டு ஒன்று தெரிந்தது. மனேஜர் நிற்கிறார்.

"பொயிலர் எத்தின பேர்?"

சொன்னான்.

"மெசின் எத்தின பேர்?"

சொன்னான்.

"களம் எத்தின பேர்?"

மூவரும் என் பக்கத்தில் நின்றார்கள். மருதமுனையான் இருமினான். சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது என்று நினைத்தேனா? இல்லை. ஒன்றும் நினைக்கவில்லை. வெள்ளைச் சேட்டைப் பார்த்தேன்.

"நாலு!"

என் குரல் அன்று தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்கவில்லை. யன்னல் மூடியது.

நாங்கள் நெல்லுக்குள் இறங்கி நடந்தோம். ஒரு வரிசை போய்த் திரும்பிய பிறகு மாவடிப்பள்ளி மூத்தவன் சொன்னான்: "உள்ளதத்தானே செல்லின." மற்ற இருவரும் அடுத்த வரிசைக்குத் திரும்பினார்கள். ஒருவன் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் மூச்சு விட்டதை நான் கேட்டேன். ஒருவன் போகிறான் என்றால் மற்றவர்கள் நிற்கிறோம்.

இரண்டாம் நாள் ஐந்து என்று சொல்ல நினைத்துக்கொண்டுதான் போனேன். வழியில் யோசித்தேன். நேற்று நாலு. இன்றைக்கு ஐந்து என்றால் ஆளைக் காட்டச் சொல்வார்கள். நாலு என்றேன். மூன்றாம் நாள் யோசிக்கவும் இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போகச் செல்லித்தானே அந்தாள் போன?"

"ஓம்."

"மறுகா ஏன் அப்பிடிச் செல்லின?"

"மனேஜர் நிண்டாரு."

அவள் கையை நீரிலிருந்து எடுக்கவில்லை. "அந்தாளுக்கும் புள்ளகள் இரிக்கிதானே" என்றாள். அதன் பிறகு அந்தக் கதையை அவள் எடுத்ததில்லை.

நாலாம் நாள் அவர் வந்தார். பாதத்தில் மஞ்சள். கையில் வாழைப்பழச் சீப்பு. ஆறு மணிக்கு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"என்ன காக்கா, சம்மாந்துறைக்கு பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் போல நிக்கிறீங்க" என்றார். சீப்பை வேம்பின் கீழே வைத்தார். "பூசைக்கு வெச்சதில்ல. கடையில வாங்கின."

யன்னல் திறந்தது. இந்த முறை எண் கேட்கவில்லை. அவருடைய பேரைத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே அதிக நேரம் இருக்கவில்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் மடித்திருந்தது. அறிவிக்காமல் மூன்று நாள் வேலைக்கு வராதவர் என்று அதில் இருந்ததாகக் கிளாக்கர் பிறகு சொன்னார். அண்ணன் சைக்கிளை எடுத்தார். கேற்றுக்குப் போகாமல் களத்தின் ஓரமாக வந்தார். நான் குனிந்து நடந்துகொண்டிருந்தேன். பாதம் நெல்லை இழுக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

"காக்கா, நான் வாறன்."

"ஓம் அண்ணன்."

நான் நிமிரவில்லை. பிறகு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. எண்ணைச் சொல்கிறவன் ஒருவன்தான் என்று அவருக்கும் தெரியும்.

சீப்பு வேம்பின் கீழேயே கிடந்தது. அன்று ஒருவரும் தொடவில்லை. மறுநாள் பக்கத்து வளவுக்காரன் ஒன்றைப் பிய்த்து உரித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தின்னாமல் வைத்துவிட்டான். காகம் தின்றது.

அடுத்து வெள்ளிக்கிழமை வந்தது.

நாலு பேரும் தொழப் போகிறவர்கள். களத்தில் நெல். அதுவரை ஒருவரும் அதை யோசிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நான் நிக்கிறன். போங்க" என்றேன்.

பாங்கு கேட்டது. தொடங்கினேன். ஒரு வரிசை போய்த் திரும்பினேன். இரண்டு வரிசை. மூன்றாவதில் பாதம் எரிந்தது. சீமெந்து அடுப்பு மாதிரி இருந்தது. நான் கிழக்கு ஓரத்தில் நிற்கும்போது மேற்கு ஓரம் காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மேற்கைக் கிளறினால் நடு காய்கிறது. தண்ணீர் குடிக்கப் போக நேரமில்லை. பாதிக் களத்தைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அவர் எப்படி நடந்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நாங்கள் பள்ளியால் வரும்போது களம் முழுக்க வரம்பு சரியாக இருக்கும். அவர் நிழலில் நின்று வேர்வை துடைப்பார். பகிடி சொல்வார். பகிடியைத்தான் கேட்டோம்.

அந்த நெல் மெசினில் நொறுங்கியது. குறுணல் கூடிப்போச்சு என்று மனேஜர் மட்டையில் எழுதினார். பிறகு முறை வைத்தோம். கிழமைக்கு ஒருவன் ஜும்ஆவை விட்டான். ஒவ்வொரு கிழமையும் குறுணல் கூடியது. அவரைத் திருப்பி எடுங்கள் என்று மனேஜரிடம் ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை.

அதனால்தான் மில்லை மூடினார்கள் என்று சொல்லமாட்டேன். கொழும்பில் எப்போதோ முடிவு செய்திருப்பார்கள். அடுத்த சிறுபோகம் வருமுன் மூடினார்கள். கடைசிப் பட்டியலில் எல்லோருடைய பேரும் இருந்தது. என்னுடையதும், கிளாக்கருடையதும், மனேஜருடையதும். என்னுடைய நாலுக்கு ஒரு வருசம்கூடக் கிடைக்கவில்லை. சுவர் யன்னலுக்கு மேல் ஐந்து வரிசை ஏறியிருந்தது.

நான் பிறகு நெல் வியாபாரி ஒருவரிடம் மூடை சுமந்தேன். மருதமுனையான் சவூதி போனான். பக்கத்து வளவுக்காரன் மீன் பெட்டி கட்டினான். பாண்டிருப்பு அண்ணன் கரைவலை இழுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கல்முனைச் சந்தையில் இரண்டு மூன்று முறை தூரத்தில் கண்டேன். மீன் பக்கம் நின்றார். நான் மரக்கறிப் பக்கத்தால் சுற்றிப் போனேன்.

வீடு முடிய இன்னும் நாலு வருசம் எடுத்தது. மூத்தவளுக்குக் கலியாணம். நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை. மனைவி யாரிடமோ சொல்லி அனுப்பியிருக்கிறாள். பகல் சாப்பாட்டு நேரம் பந்தலுக்குள் வந்து நின்றார். வெள்ளை வேட்டி. முடி பாதி நரைத்திருந்தது. வெயிலில் இன்னும் கறுத்திருந்தார். கையில் ஒரு பார்சல்.

"என்ன காக்கா, தாடி வெள்ளையாப் போச்சி. இப்பதான் மெய்யான காக்கா."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். விடவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நின்றதால்தான் சொல்லவில்லை என்று அன்று நினைத்தேன்.

"சாப்பிடுங்க அண்ணன்."

"சாப்பிடத்தானே வந்த."

பல பேர் சேர்ந்து தின்கிற சஹன் தட்டைச் சுற்றி எங்கள் ஆட்களோடு அவரை இருத்தத் தயங்கினேன். தனி இலையும் ஒரு மேசையும் போட்டேன். கோழி மட்டும் வைக்கச் சொன்னேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு மாடு ஏலா எண்டு இன்னும் மறக்கல்ல நீங்க."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். யன்னலைத் தட்டிப் பார்த்தார். சுவரில் கையை வைத்தார்.

"நல்ல சுவர். வெள்ளம் வந்தாலும் நிக்கும்."

"ஓம்."

"எப்ப தொடங்கின?"

"மில்லுல நிக்கக்குள்ள."

அவர் தலையை ஆட்டினார். சுவரில் இருந்து கையை எடுத்தார். உள்ளே பெண்கள் குரவை போட்டார்கள்.

"சரி காக்கா. நான் வாறன்."

இந்த முறை நான் நிமிர்ந்துதான் நின்றேன். என்றாலும் சொன்னது அதேதான். "ஓம் அண்ணன்."

அடுத்த புரட்டாதியில் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். மூன்று நாள் முடிந்து நாலாம் நாள், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போவது. என்ன சொல்வது என்றும் பார்த்து வைத்திருந்தேன். அந்த வருசம் மழை முந்தி வந்தது. அடுத்த வருசம் இரண்டாம் மகளுடைய வீட்டு வேலை. பிறகு தமிழ், முஸ்லிம் கலவரத்தில் ஊர்கள் குழம்பின. வீதியில் தடை விழுந்தது. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. சைக்கிளில் கொஞ்ச நேரத் தூரம். அவர் இருக்கிறாரா, வேறு ஊருக்குப் போய்விட்டாரா என்று விசாரித்தேன். கேட்ட இருவரும் இருவிதமாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் குத்பா நடக்கும். மூடை சுமந்த முதுகைத் தூணில் சாய்த்து இருப்பேன். ஹஸ்ரத் சொல்வது பாதி காதில் விழும். பாதியில் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது வந்துவிடும்.

எங்கள் பக்கம் முதலில். வருசத்துக்கு மூன்று நாள். ஏழு வருசம் கொடுத்தோம். இருபத்தொரு நாள். எட்டாம் வருசம் கொடுக்கவில்லை.

அவருடைய பக்கம், அவர் தனியே நடந்த நாள். வருசத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. மாரியில் களத்து வேலை இல்லாத பன்னிரண்டைக் கழித்தால் நாற்பது. ஏழு வருசம், இருநூற்று எண்பது. கடைசி வருசம் புரட்டாதி வரைக்கும்தான். அது முப்பத்தொன்று.

முந்நூற்றுப் பதினொன்று.